மகளோடு சேர்ந்து படித்தவை

சமீபத்தில் மகளுக்கு வாசித்துக் காட்டியவற்றில் முதலில் பரிந்துரைப்பது, தெத்சுகோ குரோயாநாகியின் ‘டோட்டோ சான்’. ஜப்பானில் 1981-இல் வெளிவந்த இந்தப் புத்தகம் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகத் தமிழிலும் இருக்கிறது. ஜன்னலோரம் நின்று தெருப் பாட்டுக்காரர்களைக் கூப்பிட்டதற்காகவெல்லாம் பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட சிறுமி, பழைய ரயில் பெட்டிகளே வகுப்பறைகளாக இருக்கும் டோமோயி பள்ளிக்கு வருகிறாள். தலைமையாசிரியர் கோபயாஷி முதல் நாளே அவள் பேச்சை நான்கு மணி நேரம் கேட்கிறார்!

எனக்கு மிகவும் பிடித்தது பர்ஸ் அத்தியாயம். கழிப்பறைக்குள் விழுந்த பர்ஸைத் தேடி டோட்டோ அள்ளி அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பக்கம் வந்த கோபயாஷி திட்டவில்லை, உதவவும் இல்லை. முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிடுவாய்தானே என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார். ஒரு குழந்தையை இதைவிட எப்படி மதிக்க முடியும்? போலியோ பாதித்த யாசுவாகியை அவள் மரமேற்றும் இடத்தில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். 1945 குண்டுவீச்சில் பள்ளி எரியும் கடைசிப் பகுதியைப் படிக்கும்போது பக்கத்திலேயே இருங்கள், கேள்விகள் வரும்.

அப்புறம், உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’. கீழடியைப் பின்னணியாகக் கொண்டது, 2023-இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் தாங்களாகவே படிக்கலாம். படித்ததும் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போங்கள்.