கடலில்லாத ஊரில் ஐந்து அறைகள்

பினாங்கில், பத்து பெரிங்கி கடற்கரைக்கு ஒரு தெரு உள்ளே தள்ளி, நானும் கணவரும் ஒன்பது வருடம் ஒரு சிறிய தங்குமிடம் நடத்தினோம். ஆறு அறை, காலைப் பசியாறலோடு சேர்த்து வாடகை. வருகிறவர்களில் பாதிப் பேர் புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள், மீதிப் பேர் கல்யாண நாளுக்கென்று ரெண்டு நாள் ஒதுக்கிக்கொண்டு வருகிறவர்கள். அங்கே எங்கள் வேலையில் பாதியைக் கடலே பார்த்துக்கொண்டது. சொறிமீன் இருக்கும் நாளில் தண்ணீரில் இறங்க வேண்டாம் என்று எச்சரிப்போம். மற்றபடி அவர்கள் பாட்டுக்கு மணலில் உட்கார்ந்திருப்பார்கள்.

2017-ல் மாமனார் தவறினார். காரியத்துக்கு வந்த கணவருக்குத் திரும்ப மனம் வரவில்லை. அவர் ஊர் செட்டிநாட்டில், பள்ளத்தூருக்குப் பக்கம். "ஓட்டுல தண்ணி இறங்குது, இன்னும் ரெண்டு மழைக்குத் தாங்காது" என்று போனில் சொன்னபோது அவர் குரல் உடைந்திருந்தது. சரி, நானும் வருகிறேன் என்றேன்.

அவருக்கு அது ஊர் திரும்புவது. எனக்குப் புது நாடு. என் தாத்தா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து போய், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, கித்தாக் காட்டு (ரப்பர்த் தோட்டத்து) லயத்திலேயே காலத்தை முடித்தவர். நான் பிறந்து வளர்ந்தது, படித்தது எல்லாம் மலேசியா. அந்த நாடு இரட்டைக் குடியுரிமைக்கு இடம் தருவதில்லை. மலேசியக் குடியுரிமையை விட்டுவிட எனக்கு மனமும் இல்லை. அதனால் ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமையுள்ள இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை எடுத்தேன். அதை வைத்து இங்கே எத்தனை வருடமும் வாழலாம், தொழில் செய்யலாம். வோட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. முதல் வருடம் என் தம்பி குடும்பத்தோடு வந்து எங்கள் வீட்டில் தங்கியபோது, வெளிநாட்டு விருந்தினர் என்று அவனுக்கும் 24 மணி நேரத்துக்குள் சி படிவம் பதிய வேண்டியிருந்தது. அவன் பாஸ்போர்ட் எண்ணைத் தட்டச்சு செய்தபோதுதான் நான் வேறு நாட்டில் குடியேறிவிட்டேன் என்பது உறைத்தது.

ஆனால் ஒரு சொல் என்னைத் தேற்றியது. காலை உணவைப் பசியாறல் என்பது எங்கள் மலேசியப் பேச்சு என்றே நினைத்திருந்தேன். சென்னையில் அப்படிச் சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். இங்கே வந்த மறுநாள் காலையில் எதிர்வீட்டு ஆச்சி திண்ணையிலிருந்தபடியே கேட்டார்: "பசியாறிட்டீகளா?" எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். முகப்பில் நின்றால் வாசலுக்குப் பின் வாசலாக, வளவு என்கிற நடு முற்றத்தைத் தாண்டி, அதற்குப் பின்னால் உள்ள இரண்டாங்கட்டைத் தாண்டி, கடைசிக் கதவின் வெளிச்சம் வரை நேர்கோட்டில் தெரியும். பர்மாத் தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பாவிய பட்டாலை என்கிற உயர்ந்த கூடம். வளவைச் சுற்றி, கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு முன்னறை, அதற்குள் ஒரு உள்ளறை. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வழக்கத்தில் கல்யாணமானதும் பிள்ளையையும் மருமகளையும் 'வேறு வைப்பார்கள்'. அதே கூரையின் கீழ் தனி அடுப்பு, தனிச் சமையல், தனிக் கணக்கு. கோயிலுக்கு வரி கொடுக்கும்போதும் கணவன் மனைவி சேர்ந்து ஒரு புள்ளி. தம்பதிகளுக்காகவே ஒரு விடுதி கட்டச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு யோசித்துக் கட்டியிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

அப்படிப்பட்ட வீடுகள்தான் இன்றைக்குப் பிரிக்கப்படுகின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் நிலையும் தூணும் சார்த்தி வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசையும். 2014-லேயே செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறிவிட்டன. ஜார்ஜ் டவுன் 2008-ல் உலகப் பாரம்பரியத் தலமானதைக் கண்ணால் பார்த்தவள் நான். அங்கே ஒரு பழைய கடைவீட்டின் ஜன்னலை மாற்றவே அனுமதி கேட்டு நிற்க வேண்டும். இங்கே ஒரு வீட்டின் கதி பங்காளிகள் கையில் இருக்கிறது.

எங்கள் வீட்டுக்குப் பதினோரு புள்ளி பங்கு. சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர், அமெரிக்கா என்று சிதறிக் கிடந்தவர்களிடம் கையெழுத்து வாங்கப் பதினான்கு மாதம் ஆனது. விற்கவில்லை, இடிக்கவில்லை, தங்குமிடமாக்கி அந்த வருமானத்தில் ஓடு மாற்றுவோம் என்று எழுதிக் கொடுத்தோம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டப்படி ஒன்று முதல் ஆறு அறை வரை விடலாம், வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்க வேண்டும். நாங்கள் ஐந்தோடு நிறுத்திக்கொண்டோம்.

மராமத்தில் ஒரு பெரிய தப்பு செய்தோம். முதலில் பிடித்த ஒப்பந்தக்காரர் சுவரில் உதிர்ந்த இடங்களுக்கெல்லாம் சிமெண்ட் பூசினார். அடுத்த மழைக்கு அத்தனையும் கொப்புளம் விட்டுக் கழன்றது. பழைய பூச்சு சுண்ணாம்பும் கடுக்காயும் முட்டை வெண்கருவும் சேர்த்தது. ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அதை அடைத்துவிடுகிறது. அப்புறம் ஒரு வயதான கொத்தனார் வந்து எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, சுண்ணாம்பை நாள் கணக்கில் புளிக்கவைத்து அரைத்து, மறுபடி பூசிக் கொடுத்தார். கடைசிப் பூச்சை உள்ளங்கையளவு கூழாங்கல்லால் தேய்த்தபடியே இருப்பார். கையை வைத்துப் பார்த்தால் சித்திரை வெயிலிலும் சில்லென்று இருக்கும், கன்னத்தை வைக்கலாம் போல.

2019 தையில் முதல் விருந்தினர் வந்தார்கள். பினாங்கில் செய்ததையே இங்கும் செய்தேன். கட்டிலில் ரோஜா இதழ், வளவில் மெழுகுவர்த்தி வைத்து இரவுச் சாப்பாடு. ஒட்டவே இல்லை. கடற்கரையில் ஜோடியாக உட்கார்ந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இந்த வீட்டிலோ அறைக் கதவைத் திறந்தால் வளவு, வளவில் நாங்கள் எல்லோரும். ஒரு புதுப்பெண் காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்து, எட்டுப் பேரைப் பார்த்துவிட்டு, திரும்பக் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கே நாங்கள் சாப்பிடுவதையும் காய் நறுக்குவதையும் இரண்டாங்கட்டுக்கு மாற்றினேன். எட்டரை மணிவரை யாரும் வளவுக்குள் வரக்கூடாது என்று வேலைக்கு வருகிறவர்களிடம் சொன்னேன். மொட்டைமாடிப் படிக்கட்டுச் சாவியை விருந்தினரிடமே கொடுத்துவிட்டேன். ஐப்பசி மழைக்கு நாலு பக்கத் தாழ்வாரத்திலிருந்தும் தண்ணீர் வளவுக்குள் கொட்டும்போது, பட்டாலை ஓரத்தில் இரண்டு நாற்காலி மட்டும் போட்டுவிட்டு நாங்கள் ஒதுங்கிவிடுவோம். ரோஜா இதழுக்கு வேலையே இல்லை.

கல்யாணச் சான்றிதழ் கேட்பீர்களா என்று போனில் தயங்கித் தயங்கிக் கேட்பவர்கள் உண்டு. கேட்பதில்லை. வயது வந்த இருவர் ஓர் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் கிடையாது. 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் அதையே சொன்னது. இருவர் அடையாள அட்டையும் வேண்டும், அவ்வளவுதான். இதில் எனக்கும் ஒரு பங்காளிக்கும் பேச்சு முற்றியது உண்டு. நான் விட்டுக்கொடுக்கவில்லை.

2020-ல் எல்லோரையும் போல நாங்களும் பூட்டினோம், மறுபடி திறந்தோம்.

பசியாறலுக்கு இட்லி தோசை உண்டு. ஆனால் நான் உயிரைக் கொடுத்துச் செய்வது வெள்ளைப் பணியாரம். பச்சரிசியைப் படியில் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும், அதுதான் அளவு. சேர்த்து ஊறவைத்து, வெண்ணெய் போல அரைத்து, உப்பும் ஒரு கை பாலும் விட்டு, புளிக்க விடாமல் உடனே சுட வேண்டும். மாவு ஒரு சொட்டுத் தண்ணீராகிவிட்டால் எண்ணெயில் பிரிந்துபோகும். ஒரு கரண்டி ஊற்றினால் அடியில் போய், மேலே வந்து, ஓரம் கொஞ்சம் சுருக்கம் விழுந்து, நடுவில் உப்ப வேண்டும். சிவக்கவே கூடாது. சமையலுக்கு வரும் அக்கா பக்கத்தில் நின்று, "ஆச்சி, தீயக் குறைங்க, தீயக் குறைங்க" என்று சொல்லிச் சொல்லியே எனக்குக் கற்றுக்கொடுத்தார். தொட்டுக்கொள்ள வரமிளகாய்ச் சட்னி.

கடல் எங்கே என்று கேட்பவர்களைத் தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்கு அனுப்புவேன். பாக் விரிகுடா, அலையே இருக்காது. நகரத்தாரின் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் பொங்கியதால்தான் இவ்வளவு உள்ளே வந்து, மேட்டில் உயர்த்தி வீடு கட்டினார்கள் என்பது வழிவழியாகச் சொல்வது. பயந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளே பிறகு பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பல் ஏறினார்கள்.

போன வருடம் ஒரு பங்காளிக்கு அறுபதாங்கல்யாணம், வீட்டிலேயே வைத்தார்கள். தேதியை நான் கணக்கேட்டில் குறிக்க மறந்துவிட்டேன். புனேயிலிருந்து ஒரு தம்பதி முன்பணம் கட்டி, நாலு நாளைக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்குக் கொடுத்திருந்தது பெரியாத்தாவின் பங்கு அறை. எண்பது தாண்டியவர் சென்னையிலிருந்து காரில் வந்து இறங்குகிறார், அவர் அறையில் வேறு யாரோ. எனக்குக் கைகால் ஓடவில்லை. அவர்களை எழுப்பி மாடிக்கு மாற்றிவிடுகிறேன் என்றேன்.

"வேணாத்தா. சேந்து படுத்திருக்கவுகள எழுப்பக் கூடாது" என்று பட்டாலையில் பாயை விரிக்கச் சொன்னார் பெரியாத்தா.

இரவு நானும் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். 1958-ல் கல்யாணமாம். அந்த அறையில் வேறு வைத்த மூன்றாம் வாரம் அவர் கணவர் மலாயாவுக்குப் போய்விட்டார், மூணு வருசக் கணக்குக்கு. "கடுதாசி வரும். அந்த சன்னல்லதான் வெளிச்சம், அங்கன உக்காந்து படிப்பேன். அவுக திரும்பி வந்தப்ப அடையாளம் தெரியாம மாமாவைக் கூப்பிட ஓடுனேன்." எந்த ஊரில் இருந்தார் என்று கேட்டேன். பினாங்கு என்றார். பினாங்குத் தெருவில் இருந்த செட்டியார் கிட்டங்கிகளை (தொழில் நடத்தித் தங்கியும் இருந்த கட்டடங்களை) நான் பள்ளிக்கூடம் போகும் வழியில் தினமும் கடந்திருக்கிறேன். அந்தத் தெரு எப்படி இருக்கும், கடல் பக்கமா, சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள் என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். தெரிந்தவரை சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே விடிந்துவிட்டது.

காலையில் புனேத் தம்பதியும் அறுபதாங்கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தார்கள். பெரியாத்தா அந்தப் பெண்ணுக்குத் தன் கையால் பணியாரம் வைத்துவிட்டு, எத்தனை நாள் இருப்பாய் என்று என்னை விட்டுக் கேட்கச் சொன்னார். நாலு நாள் என்றதும் தலையாட்டினார்.

கிளம்பும்போது இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து என்னிடம் கொடுத்தார். ஒரு சாண் நீள இரும்புச் சாவி. நான் மாற்றுச் சாவியைத்தான் அதுவரை வைத்திருந்தேன். இப்போது ரெண்டும் என்னிடம். பூட்டு பழசு, மாதம் ஒரு முறை தேங்காய் எண்ணெய் விட்டால்தான் திரும்பும்.