லெவல் குமிழில் கை வைக்காத வேலை

எண்பதுகளின் கடைசியில் மதுரை டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தேன். பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து தருவோம். (காப்பிரைட் பற்றி அப்போது எந்தக் கடையும் கவலைப்பட்டதில்லை.) சத்த அளவைக் காட்டும் மீட்டர் முள் சிவப்பைத் தொட்டும் தொடாமலும் ஆட வேண்டும், ஒரு பாட்டு சத்தம் குறைவாக வந்தால் லெவல் குமிழைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும். டீக்கடையில் ஓடும்போது எல்லாம் ஒரே சத்தத்தில் கேட்டால் சரி.

ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் மட்டும் துணிப்பையில் எல்.பி. தட்டுகள் கொண்டு வருவார். பீத்தோவன், ஹைடன், ராவெல் என்று மேற்கத்திய இசை மேதைகளின் தட்டுகள். கொடுக்கும்போதே சொல்லிவிடுவார்: "தம்பி, நடுவுல குமிழ்ல கை வைக்கக் கூடாது."

ஏன் என்பது ராவெலின் 'பொலேரோ'வைப் பதியும்போது புரிந்தது. 1928-ல் எழுதியது, கால் மணி நேரம் ஓடும். ஒரு சின்ன டிரம் காதில் விழுந்தும் விழாமலும் தாளம் தட்ட, ஒற்றைப் புல்லாங்குழல் ஆரம்பிக்கும். மெட்டு கிளாரினெட், பசூன் என்று வேறு வேறு கருவிகளுக்குக் கைமாறிக்கொண்டே போய், கடைசியில் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து முழங்கும். மாசி வீதியில் சாமி புறப்பாட்டு மேளம் எங்கேயோ கேட்டு, நம் வாசலுக்கு வந்து சேருமே, அப்படி. ஆரம்பத்தில் முள் அசையவே அசையாது. பார்த்துவிட்டு லெவலை ஏற்றினால் முடிவில் டேப் கரகரக்கும். ஏற்றியதைப் போகப்போக இறக்கிக்கொண்டே வந்தால் இன்னும் மோசம். அந்த ஏற்றம்தானே அந்த இசையே!

அதனால் தட்டில் சத்தம் உச்சிக்குப் போகும் இடத்தை முதலில் ஓட்டி, அங்கே லெவல் வைத்து, பிறகு ஆரம்பத்திலிருந்து பதிவேன். அப்படிச் செய்தால் மெல்லிய இடங்களில் டேப்பின் 'உஸ்' இரைச்சல் தலைகாட்டும். அதற்குத்தான் இரைச்சல் குறைவான குரோம் டேப்பும், இரைச்சலை அடக்கும் டால்பி வசதியும்.

அப்புறம் பக்கம் திருப்புகிற தொல்லை. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி அரை மணி நேரத்தைத் தாண்டும். மூன்றாம் பகுதி, டிம்பனி என்ற பெரிய முரசு மெதுவாகத் தட்டத் தட்ட, நிற்காமல் நான்காவதற்குள் பாய்ந்துவிடும். அங்கே வெட்ட மனசு வராது. ஆக, பக்கத்துக்கு 30 நிமிடமே உள்ள சி-60 கேசட் ஆகாது; 45 நிமிடம் உள்ள சி-90தான். இதே சிம்பொனியை 1913-ல் நிக்கிஷ் என்ற இசை நடத்துநர் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவை வைத்துப் பதிந்தபோது மைக்கே கிடையாது, ஊதுகுழல் மாதிரி ஒரு புனலுக்கு முன்னால்தான் வாசித்தார்கள். தட்டின் ஒரு பக்கத்தில் நாலு நிமிடம் பிடித்தாலே அதிகம். எத்தனை இடத்தில் துண்டு போட்டிருப்பார்கள்! மைக் வைத்து மின்சார முறையில் பதிவது 1925-ல்தான் புழக்கத்துக்கு வந்தது.

இப்போது பழைய தட்டுகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுக்கிறேன். டேப் இரைச்சல் ஒழிந்தது. ஆனால் கேட்கிற இடம் மாறிவிட்டது. நத்தம் ரோட்டில் காரில் 'பொலேரோ' போட்டால் முதல் சில நிமிடங்களுக்கு டயர் சத்தம்தான் கேட்கும். "அண்ணே, ஒரே லெவலா பண்ணிக் குடுங்க" என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. அதனால் இரண்டு ஃபைல் தருகிறேன். ஒன்று தட்டில் உள்ளபடி. இன்னொன்று மெல்லிய இடத்தை ஏற்றி, உச்சத்தை அடக்கி, சத்தத்தை இறுக்கியது. இரண்டாவதன் பெயரிலேயே 'காருக்கு மட்டும்' என்று போட்டுவிடுகிறேன்.