ஆறாவது கை

நான் செய்துவரும் சிற்றுருவத்தில், நேற்றிரவு 11 மணிக்குக் கொற்றன் என்ற போர்வீரரின் வலக்கை, மூரி என்ற கற்பனை விலங்கின் தாடைக்குப் பின்னால் ஒருவழியாகப் பொருந்தி அமர்ந்தது. மூன்று மாதங்களில் நான் செய்த ஆறாவது கை இது. மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை 8 மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவு. ஆனாலும் இந்தச் சிற்றுருவத்தின் வேறெந்த உறுப்பும் என்னை இத்தனை இரவுகள் விழித்திருக்க வைக்கவில்லை. மூரியின் ஆறு கால்களையும் முதுகுத் தகடுகளையும் இரண்டே வார இறுதிகளில் முடித்திருந்தேன்.

அளவு 1:24. கொற்றன் 75 மில்லிமீட்டர், அதாவது 1.8 மீட்டர் உயரமுள்ள மனிதர். மூரியின் தோள் 125 மில்லிமீட்டர். பெரிய யானை ஒன்றின் தோள் உயரமான 3 மீட்டருக்கு ஈடு. கொற்றன் 30 ஆண்டுகளைப் போர்க்களத்தில் கழித்தவர், இடக்கைக்குப் பதிலாக இயந்திரக்கை பூண்டவர், முகத்தில் இளக்கம் என்பதே மிஞ்சாதவர். மூரி அவர் குட்டியிலிருந்து வளர்த்த விலங்கு. வாய் திறந்தால் அவரையே இடுப்பு வரை கவ்விவிடக்கூடியது. இவ்விருவருக்கும் நடுவிலுள்ள உறவை எங்கே காட்டுவது என்பதுதான் தொடக்கத்திலிருந்தே எனக்கிருந்த கேள்வி. கொற்றன் புன்னகைத்தால் அவர் கொற்றனாக இருக்கமாட்டார்; மூரி குழைந்து நின்றால் அது வெறும் பெரிய நாயாகிவிடும். ஆகவே முழுப் பொறுப்பும் அந்த ஒரு கையின் மேல் வந்து விழுந்தது.

முதல் கைக்குக் கவச உறை அணிவித்தேன். செய்து முடித்துப் பார்த்தபோது, கொற்றன் தம் வாகனத்தின் இயந்திரத்தைச் சோதித்துக்கொண்டிருப்பதைப் போலத் தெரிந்தது. உறையைக் கழற்றி அவர் இடைக்கச்சையில் செருகிவிட்டு, வெறுங்கையை விரல்கள் விரிய வைத்துப் பார்த்தேன். அது மூரியைத் தடுத்து நிறுத்தும் கையாயிற்று. மூன்றாவது கையில் கடிவாளம் கொடுத்தேன், அன்றே பிடுங்கி எறிந்தேன். கடிவாளம் வந்த மாத்திரத்தில் மூரி அடிமையாகிவிட்டது. நான்காவதும் ஐந்தாவதும் வடிவில் சரியாக இருந்தும், தோலின் மேல் ஒட்டவைத்த பொருள்களாகவே நின்றன. எடையே இல்லை.

விடை, பினாங்கில் பிறந்த நாளிலிருந்து நான் ஆண்டுதோறும் பார்த்துவரும் ஒரு காட்சியில் இருந்தது. தைப்பூசத்திற்கு முன்னாள் பினாங்கு வீதியின் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை சாலையிலுள்ள நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோவிலுக்குப் புறப்படும் வெள்ளி ரதத்தைக் காளைகள் இழுத்துச் செல்லும். இவ்வாண்டு ரதத்தைப் பார்க்காமல், காளையின் அருகில் நின்ற பெரியவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேங்காய்கள் உடைபடுகின்றன, கூட்டம் நெருக்குகிறது. அவரோ காளையின் பக்கம் திரும்பாமல், முன்னால் வழி விடும் ஆட்களைக் கவனித்தபடி, உள்ளங்கையை அதன் கழுத்தில் வைத்திருந்தார். விரல்கள் பிடிக்கவில்லை. மணிக்கட்டு தளர்ந்திருந்தது. உள்ளங்கையின் அடிப்பகுதி கழுத்தில் அழுந்திய இடத்தில் தோல் முன்னே தள்ளப்பட்டு மூன்று மடிப்புகளாகத் திரண்டிருந்தது. ரதம் நின்ற ஓர் இடைவேளையில், “ஐயா, இவ்வளவு சத்தத்தில் மாடு மிரளாதா?” என்று கேட்டேன். “கையை எடுத்தால்தான் தம்பி, அது திரும்பிப் பார்க்கும்” என்றார்.

வீடு திரும்பியதும் செய்த முதல் மாற்றம், கொற்றனின் தலையை வெட்டித் திருப்பியது. இப்போது அவர் மூரியைப் பார்ப்பதில்லை. எதிரே தெரியும் மலையிடுக்கைப் பார்க்கிறார். பற்கள் நிறைந்த வாய்க்கு ஒரு சாண் தொலைவில் தம் கழுத்தை வைத்துக்கொண்டு அவர் வேறெங்கோ பார்ப்பதே போதும் என்று எனக்குப் பட்டது.

அடுத்து, கையைத் தோலில் அழுத்தும் வேலை. இதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் நம் ஊர் வெப்பத்தில் இதற்கான கணக்கே வேறு. கையைத் தனியாகச் செய்து முழுதாக இறுகவிட்ட பிறகு, மூரியின் தாடைக்குப் பின்னால் 2 மில்லிமீட்டர் கனத்திற்குப் புதிய எபோக்சி பட்டியை (மஞ்சள், நீலம் என்ற இரு கூறுகளைச் சேர்த்துப் பிசைந்தால் மெல்ல இறுகும் களிமண் போன்ற பொருள்) பூசி, அது அரைகுறையாக இறுகிய நேரம் பார்த்துக் கையை அழுத்தவேண்டும். முன்னதாக அழுத்தினால் விரல்கள் சேற்றில் புதைந்ததைப் போலாகும். பிந்தினால் தோல் மடியாமல் விரிசல் விடும். பிசைந்த பின் ஒன்றரை மணி நேரம் கையாளலாம் என்பது குளிர்நாட்டுக் கணக்கு. ஆயர் ஈத்தாமில் ஒன்பதாவது மாடியிலுள்ள என் அறையில், 31 பாகை வெப்பத்தில், 35ஆம் நிமிடத்திற்கும் 45ஆம் நிமிடத்திற்கும் இடைப்பட்ட பத்து நிமிடம்தான் எனக்கு வாய்த்தது. அந்தப் பத்து நிமிடத்தில் கையை அழுத்தி, விரல்களுக்கு முன்னே திரளும் மடிப்புகளை ரப்பர் முனைக் கருவியால் வளைத்து, விரல்களுக்கு இடையில் சிறிதளவு தோல் பிதுங்குமாறு செய்து, கருவியில் தண்ணீர் மிகாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். தண்ணீர் மிகுந்தால் செதில்களின் வரிகள் மழுங்கிவிடுகின்றன. நூலளவு வாசலின் தடவுவதே நல்லது.

பட்டியைப் பற்றி ஒரு குறை சொல்லியாகவேண்டும். இணையக் கடை ஒன்றிலிருந்து வாங்கிய நாடா வடிவப் பட்டியில், மஞ்சளும் நீலமும் தொட்டுக்கொண்டிருக்கும் நடுக்கோடு முன்பே இறுகிப்போயிருந்தது. அதை வெட்டி எறியாமல் பிசைந்தால் மணல்போலத் துகள்கள் தட்டுப்படும்; எனது நான்காவது கையின் சுண்டுவிரல் அப்படித்தான் போயிற்று. இரண்டு நிறங்களும் தனித்தனியாக வரும் பொட்டலத்தையே கேட்டு வாங்குங்கள், மீதியைக் குளிர்பெட்டியில் வையுங்கள். கருவிகளுக்கு லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்று, பழைய பல் மருத்துவக் கருவிகள் நான்கைப் 10 ரிங்கிட்டிற்கு வாங்கினேன். அவற்றுள் வளைந்த முனையுடைய ஒன்றுதான் மூரியின் தோல்மடிப்புகள் அனைத்தையும் செய்தது.

இந்தச் சிற்றுருவத்துக்காக நான் கற்பனை செய்திருந்த கதையின் உலகத்தையே இந்தக் கை மாற்றிவிட்டது என்பதையும் குறிப்பிடவேண்டும். நான் முதலில் நினைத்த களம் சனியின் துணைக்கோளான டைட்டன். அங்கே ஈர்ப்பு பூமியில் உள்ளதில் ஏழில் ஒரு பங்கு என்பதால் பேருருவ விலங்கு நடமாடுவதற்கு நியாயம் கிடைக்கும் என்று எண்ணியிருந்தேன். ஆனால் டைட்டனின் தரைப்பரப்பு வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழே சுமார் 179 பாகை செல்சியஸ். உறையைக் கழற்றிய கை அங்கே நொடியில் உறைந்துவிடும். வெறுங்கையா, டைட்டனா என்று வந்தபோது நான் டைட்டனைக் கைவிட்டேன். இப்போது களம், மனிதர் மூச்சுவிடக்கூடிய ஒரு கற்பனைக் கோள். அங்கே ஈர்ப்பு மிகுதி என்பதால் மூரிக்கு நான்கு கால் போதவில்லை. உயரம் இருமடங்கானால் எடை எண்மடங்காகும், காலின் குறுக்குப்பரப்போ நான்மடங்குதான் பெருகும்.

கண்ணும் மாறியது. அச்சமூட்டும் விலங்கென்றால் செங்குத்தான பிளவுக் கண்மணி வைப்பது நம்மில் பலரின் வழக்கம், நானும் அப்படித்தான் செதுக்கியிருந்தேன். 2015இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தபின் அதை நிரப்பி மூடினேன். முன்னோக்கிய கண்களும் செங்குத்துக் கண்மணியும் கொண்டு பதுங்கிப் பாயும் விலங்குகள் 44 இனங்களை அவர்கள் எடுத்துக்கொண்டதில், 36 இனங்களின் தோள் உயரம் 42 சென்டிமீட்டருக்கும் குறைவு. பூனைக்குப் பிளவுக்கண், புலிக்கு வட்டக்கண். மூன்று மீட்டர் உயர மூரிக்கு வட்டக் கண்மணியே பொருந்தும். அதைவிட, வட்டக்கண் வந்த பின்பு அது யாரைப் பார்க்கிறது என்பது தெளிவாகத் தெரிகிறது. கொற்றன் அதைப் பார்ப்பதில்லை. மூரியும் கொற்றனைப் பார்ப்பதில்லை. இருவரும் அதே மலையிடுக்கைப் பார்க்கிறார்கள்.

இந்த நிலையைத் தேடும்போது என் மனத்தில் திரும்பத் திரும்ப வந்தது திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூர் நடுகல். மகேந்திரவர்ம பல்லவன் காலத்தைச் சேர்ந்த அந்தக் கல்லில், கருந்தேவக்கத்தி என்ற வீரன் பட்ட செய்தியோடு, கள்ளனைக் கடித்துக் காத்து நின்ற அவனுடைய நாயும் எழுத்திலும் உருவத்திலும் இடம்பெற்றிருக்கிறது. நாயின் பெயரைக்கூட வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆகவே என் பீடத்தின் முன்விளிம்பிலும் கொற்றனின் பெயருக்கு நிகரான அளவில் மூரியின் பெயரைப் பொறிக்கவிருக்கிறேன்.

வண்ணம் பூசும் வேலை இன்னும் தொடங்கவில்லை. அக்டோபர் மழை வந்துவிட்டால் காற்றின் ஈரப்பதத்தில் தெளிப்பு வார்னிஷ் வெண்படலம் பூத்துவிடும். எனவே வண்ணத்திற்கு அடிப்பூச்சான பிரைமரை நண்பகலுக்குப் பின், மழையில்லாத நாளில் அடித்துவிட்டு, மற்றவற்றை ஏர்பிரஷிலும் தூரிகையிலும் பார்த்துக்கொள்ளத் திட்டம். கை பட்ட இடத்துத் தோலுக்கு மட்டும் சற்றே மங்கிய, தேய்ந்த நிறம் கொடுக்கவேண்டும். பல ஆண்டுகளாக அதே கை அதே இடத்தில் பட்டிருக்கிறதல்லவா? செதில்களின் முனைகளையும் அங்கே நுண்ணிய உப்புத்தாளால் மழுக்கவேண்டும்.

இதை முடிப்பதற்குள் அடுத்த சிற்றுருவத்தின் உட்கூடான கம்பியையும் வளைக்கத் தொடங்கிவிட்டேன். அதில் மூரி கிழடு, தகடுகள் உதிர்ந்து படுத்திருக்கிறது, கொற்றன் இல்லை. தேய்ந்த அந்த இடம் மட்டும் தாடைக்குப் பின்னால் அப்படியே தெரியவேண்டும். அதன் அளவு மாறாதிருக்க, நேற்றிரவே ஆறாவது கையின் அச்சை மெழுகில் எடுத்து வைத்துவிட்டேன்.