ஃபார்மட் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்

பென்டிரைவ் ஒன்றைத் தொலைத்துவிட்டு ஒரு வாரம் தூக்கம் கெட்ட பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. கடவுச்சீட்டின் நகல், சம்பளச் சீட்டுகள், அம்மாவின் மருத்துவ அறிக்கைகள் எல்லாம் அதில் பூட்டில்லாமல் கிடந்தன. எடுத்தவர் யாரோ, எதைப் பார்த்தாரோ! கையில் மிஞ்சியிருந்த 2 டிபி ஹார்டு டிஸ்க்கையாவது குறியாக்கம் செய்துவிடலாம், அதாவது கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் மாலை வீண். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் வசதி இருக்கிறதே என்று தேடினால், என்னுடையது ஹோம் பதிப்பு. வேறு கணினியில் பூட்டிய டிஸ்க்கை அதில் திறக்கலாம். புதிதாகப் பூட்ட முடியாது. இலவச மென்பொருளான வெராகிரிப்ட்டை நிறுவினேன். அதில் சிக்கலே இல்லை.

சிக்கல் அதன் பிறகு வந்தது. உள்ளே இருக்கும் கோப்புகளை அழிக்காமலே குறியாக்கம் செய்ய, டிஸ்க் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு அடுக்கும் முறையில் இருக்க வேண்டுமாம். என்னுடையது எக்ஸ்ஃபேட் என்ற வேறொரு முறை. 700 ஜிபியையும் வேறெங்காவது நகர்த்திவிட்டுத்தான் பூட்ட முடியும். நண்பரிடம் ஒரு டிஸ்க் இரவல் வாங்கினேன். நகலெடுக்க ஓர் இரவு, குறியாக்கத்துக்கு ஒரு பகல், திரும்ப ஏற்ற இன்னோர் இரவு.

இரவல் டிஸ்க்கைக் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் அழித்து, விரைவு ஃபார்மட்டும் செய்தேன். ஏதோ உறுத்தல்; மீட்பு மென்பொருள் ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். அம்மாவின் ஸ்கேன் அறிக்கை முதற்கொண்டு வரிசையாக எழுந்து வந்தன! விரைவு ஃபார்மட் பொருளடக்கத்தைக் கிழிப்பதோடு சரி, பக்கங்கள் அப்படியே இருக்கும். முழு ஃபார்மட் கொடுத்தால்தான் விண்டோஸ் டிஸ்க் முழுவதையும் பூஜ்ஜியங்களால் நிரப்பும். சுழலும் தட்டுள்ள ஹார்டு டிஸ்க்குக்கு அது போதும். பென்டிரைவும் எஸ்எஸ்டி என்ற தட்டில்லாத டிஸ்க்கும் தேய்மானத்தைப் பங்கிடுவதற்காக எழுதும் இடத்தை உள்ளுக்குள்ளேயே மாற்றிக்கொண்டிருக்கும். எது எங்கே தங்கியிருக்கிறது என்று சொல்ல முடியாது. அவற்றில் முதல் கோப்பை ஏற்றும் முன்பே பூட்டிவிடுங்கள்.

முழு ஃபார்மட் முடித்து, நிம்மதியாக டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த நிம்மதி பத்து நாள் நீடித்தது.

வெராகிரிப்ட்டில் பூட்டிய டிஸ்க்குக்குள் என்ன இருக்கிறதென்று விண்டோஸுக்குப் புரியாது. செருகியவுடன், ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்தலாம் என்று சொல்லும். எனக்குத் தெரியும்; தம்பிக்குத் தெரியாது. பாட்டு ஏற்றலாம் என்று செருகியவன், கேட்டதற்கெல்லாம் சரி கொடுத்துவிட்டான். "காலியாகத்தானே இருந்தது, அண்ணா" என்றான்.

சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் டிஸ்க் திறக்கவில்லை. உண்மையான சாவி, டிஸ்க்கின் தொடக்கத்தில் உள்ள தலைப்பகுதியில் இருக்கிறது. கடவுச்சொல் அந்தத் தலைப்பகுதியைத் திறப்பதற்கு மட்டுமே. ஃபார்மட் அதன் மேல் எழுதிவிட்டது. இரவல் டிஸ்க்கில் இருந்த நகலையோ நானே பொறுப்பாக ஒழித்திருந்தேன். வேறு நகல் கிடையாது. பூட்டிவிட்டால் பத்திரம் என்று நினைத்த மடத்தனம் அது.

தலைப்பகுதிக்கு ஒரு நகலை டிஸ்க்கின் கடைசியிலும் வெராகிரிப்ட் வைத்திருக்கிறது என்று நள்ளிரவில் தெரிந்தது. கருவிகள் மெனுவில் அதை மீட்டெடுக்கும் வசதி உண்டு. கடவுச்சொல்லைக் கொடுத்தேன், திறந்தது! கோப்புறைகள் சிதைந்திருந்தன. அன்று என்னைத் திடுக்கிட வைத்த அதே மீட்பு மென்பொருளை ஓட்டி, பெரும்பாலானவற்றைப் புது டிஸ்க்குக்கு மாற்றினேன்.

இப்போது பூட்டிய டிஸ்க்குகள் இரண்டு. தலைப்பகுதியின் நகலைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். விண்டோஸின் டிஸ்க் மேலாண்மையில் அவற்றின் டிரைவ் எழுத்தை (D, E போன்றவை) நீக்கிவிட்டதால் என் கணினியில் அந்த ஃபார்மட் கேள்வி வருவதில்லை. மற்ற கணினிகளில் வருமே என்று இரண்டின் மேலும் சீட்டு ஒட்டியிருக்கிறேன்.

மீண்ட படங்களுக்குப் பெயர் போய் வெறும் எண்கள்தான் மிஞ்சின. தினமும் இரவு ஒரு மணி நேரம் பெயர் வைக்கிறோம். தம்பியும் கூடவே உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு.