மூன்று பேரும் ஒரே பிளேனில்

ஓகஸ்ட் 3, 2025, ஞாயிறு

மகளின் பழைய கணக்குக் கொப்பியில் மிஞ்சிக் கிடந்த பக்கங்களில் இன்று கோடு போட்டு நாடுகளின் பெயரை எழுதினேன். கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, லண்டன், ஜேர்மனி, கடைசியில் மனமில்லாமல் திரும்பவும் கட்டார். பக்கத்தில் சம்பளம், வாடகை, குளிர், பள்ளிக்கூடம், தமிழ்ச் சனம்.

போவது என்று 2022இலேயே முடிவெடுத்தாகிவிட்டது. டொலர் இரண்டே மாதத்தில் 200இல் இருந்து 360க்குப் போய், ஒரு பை சீமெந்து 3,000 ரூபாவை எட்டினபோது நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த ஹோட்டல் கட்டட வேலை தூணோடு நின்றுபோனது. நிலாவெளிப் பக்கம் போனால் அது இன்னும் கம்பியை நீட்டிக்கொண்டு நிற்கிறது. கட்டடம் எழும்பினால்தான் கட்டடச் செலவுக் கணக்குப் பார்க்கிற கியூ.எஸ்.காரனுக்கு வேலை. இப்போது வீட்டு வேலைகளுக்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுக்கிறேன், அதில் மாதம் ஓடுகிறது, அவ்வளவுதான். எங்கே போவது என்பதில்தான் மூன்று வருடமாக நிற்கிறேன்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

ஸ்காபரோவில் இருந்து மாமா போன் எடுத்தார். 1985இல் கிழக்கு பெர்லின் வழியாக மேற்குப் பக்கம் கடந்து, ஜேர்மனியில் சில காலம் இருந்து, பிறகு கனடா போனவர். “தம்பி, யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு, இஞ்ச வா, கோயில் இருக்கு, தமிழ்க் கடை இருக்கு, பிள்ளை தமிழும் படிக்கும்” என்றார். அவர் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. ஆனால் அவர் போன காலத்தில் உயிரோடு போய்ச் சேர்வதுதான் கேள்வி, இப்போது புள்ளிக் கணக்கு.

அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். கனடா ஆட்களைப் புள்ளி பார்த்து எடுக்கிற எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் மொத்தம் 1,200 புள்ளி. குடும்பத்தோடு விண்ணப்பித்தால் 29 வயது வரைக்கும் வயதுக்கு 100, அதற்கு மேல் முப்பதுகளில் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் 5 குறையும், 32 வயதில் எனக்கு 85. டிகிரி, ஆங்கிலம், அனுபவம் எல்லாம் கூட்டினாலும் 400ஐ ஒட்டித்தான் வருகிறது. அங்கேயே வேலை செய்துகொண்டிருப்பவர்களைக் கூப்பிடும் சுற்றுகளில்கூட இந்த வருடம் 500க்கு மேல் கேட்கிறார்கள். அங்கே வேலை தருகிறோம் என்ற கடிதத்துக்குக் கொடுத்துவந்த புள்ளியையும் மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். பிரெஞ்சு தெரிந்தவர்களை 379க்கே கூப்பிட்டார்கள் என்று பார்த்ததும் ஒரு மணித்தியாலம் பிரெஞ்சு வகுப்புத் தேடினேன்.

கனடாவைக் கோடு போட்டு வெட்ட மனம் வரவில்லை, அம்மாதான் காரணம். அங்கே பெற்றோருக்கு சூப்பர் விசா என்று ஒன்று இருக்கிறது. ஒரு தடவை போனால் 5 வருடம் வரைக்கும் பிள்ளையோடு இருக்கலாம்.

ஓகஸ்ட் 23, சனி

பின்னேரம் டச்சு பே கடற்கரைக்குப் போனோம். மகள் நண்டு வளையைத் தோண்டிக்கொண்டிருந்தாள். கொப்பியில் எழுதினதை எல்லாம் மனைவிக்குச் சொன்னேன், எந்த நாட்டில் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்பது வரைக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒன்றைத்தான் கேட்டாள்: “இதில எந்த நாட்டுக்கு நாங்கள் மூண்டு பேரும் ஒரே பிளேனில ஏறலாம்?”

எனக்கு உடனே வாய் வரவில்லை.

நான் 2017 தொடக்கம் 2021 வரை கட்டாரில், டோகாவில் இருந்தவன். கொம்பனி தந்தது தொழிலாளர் காம்பில் ஒரு கட்டில், குடும்பத்தைக் கூப்பிடும் அளவுக்குச் சம்பளம் இல்லை. மகள் 2019இல் பிறந்தாள், போனில்தான் பார்த்தேன். ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது அவளுக்கு இரண்டு வயது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நான் கையை நீட்ட, அவள் தாயின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தாயின் கையில் இருந்த போனைக் காட்டி “அப்பா” என்றாள். நான் பக்கத்தில் நிற்கிறேன், அவளுக்கு அப்பா போனுக்குள் இருக்கிறார். எங்கள் ஊர் உப்புவெளி வரும் வரைக்கும் என் மடிக்கு வரவில்லை.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு கொப்பியைத் திரும்பப் பார்க்க, பாதி தானாகவே விழுந்துவிட்டது. கட்டார் முதலில். லண்டனைப் பொறுத்தவரை, என்னோடு படித்தவனின் மனைவி பராமரிப்பு வேலைக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. 2024 மார்ச் 11க்குப் பிறகு அந்த விசாவில் புதிதாகப் போனவர்கள் கணவன், பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியாது. ஏஜென்சிக்காரன் காசு வாங்கும்போது அதைச் சொல்லவே இல்லை. இந்த ஜூலையோடு அந்த வேலைக்கு வெளிநாட்டில் இருந்து புதிதாக எடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள். அந்தச் சிநேகிதன் பின்னேரங்களில் மகனை ரியூசனுக்கு ஏற்றிக்கொண்டு போகும்போது வழியில் காண்பேன், மனைவியைப் பற்றிக் கேட்கவே பயமாக இருக்கும். ஜேர்மனியில் வேலை தேடவே ஒரு வருட விசா இருக்கிறது, ஆனால் அதில் நான் முன்னால் தனியாகப் போக வேண்டும். அதுவும் இல்லை.

செப்டெம்பர் 7, ஞாயிறு

போயா, பௌர்ணமி லீவு. வீட்டில் இருந்து அவுஸ்திரேலியாவை முழுதாகப் படித்தேன்.

491 என்கிற விசா. 5 வருடத்துக்கு, மனைவி பிள்ளையும் அதே விண்ணப்பத்தில், மனைவி வேலையும் செய்யலாம். சிட்னி, மெல்பேர்ன், பிரிஸ்பேன் தவிர்ந்த இடங்களில் இருக்க வேண்டும், மூன்று வருடம் கழிய பி.ஆர்., அதாவது நிரந்தர வதிவிடம் கேட்கலாம். வயதுக்கு 30, டிகிரிக்கு 15, அனுபவத்துக்கு 10, மனைவியின் ஆங்கிலத்துக்கு 5, அங்கே ஒரு மாநிலம் என்னைப் பரிந்துரைத்தால் 15. ஆக 75. ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலப் பரீட்சையில் நான்கு பகுதியிலும் 7 எடுத்தால் இன்னும் 10. என்னுடைய பழைய ரிசல்ட்டில் எழுத்து மட்டும் 6.5, அந்த அரைப் புள்ளிக்குத்தான் முழுப் பத்தும் போகிறது.

இன்னொன்று. வயதுக்கு 30 என்பது 32 வரைக்கும்தான், 33 பிறந்தால் 25. எனக்குப் பெப்ரவரியில் 33. அவர்கள் கூப்பிடுகிற நாளில் என்ன வயதோ அதுதான் கணக்கு. மூன்று வருடம் கொப்பியோடு இருந்ததற்கு இப்போது மனம் எரிகிறது.

விண்ணப்பக் காசு எனக்கு மட்டும் 5,000 அவுஸ்திரேலிய டொலருக்குக் கிட்ட, மனைவிக்கும் மகளுக்கும் வேறாக. காணி விற்கப் போவதில்லை, டோகாக் காசில் மிச்சம் இருக்கிறது.

அடிலெய்டும் இந்த விசாவுக்குள் வருகிற ஊர். கடல் இருக்கிறது, பிள்ளையார் கோயில் இருக்கிறது. ஒரு விசயம் எனக்குப் பிடித்துப்போனது. எங்களை விட அங்கே நான்கு மணித்தியாலம்தான் முன்னுக்கு, கோடையில் ஐந்து. அம்மா விளக்கு வைத்துவிட்டு ஆறு மணிக்கு எடுத்தால் நாங்கள் படுக்கப் போகிற நேரம். ரொறன்ரோ என்றால் அவருக்குப் பொழுது படுகிறபோது எனக்கு அங்கே வேலைக்கு ஓடுகிற காலை.

செப்டெம்பர் 20, சனி

கொழும்பில் பரீட்சை. நானும் மனைவியும் இரவு பஸ், ஹபரணை வரைக்கும் அவள் கட்டுரைத் தலைப்புகளைக் கேட்டுக்கொண்டே வந்தாள், தம்புள்ளையில் பிளேன் டீ, பிறகு என் தோளில் நித்திரை. எழுத்தில் இந்த முறை பெரிய சொற்களைத் தேடவில்லை. பதினைந்து நிமிடம் முன்னதாக முடித்துத் திருத்தினேன்.

ஒக்டோபர் 4, சனி

எழுத்து 7. மற்றதெல்லாம் அதற்கு மேல். மனைவிக்கு எல்லாம் 6க்கு மேல், அவளுக்கு அது போதும். மகளைத் தூக்கிச் சுற்றினேன், அவளுக்கு ஏன் என்று தெரியாது.

இனி தகுதி மதிப்பீடு. டோகாக் கொம்பனியில் இருந்து அனுபவக் கடிதம் வேண்டும், நான்கு மெயில் போட்டும் பதில் இல்லை. அங்கே எனக்கு மேல் இருந்த மலையாளி அண்ணன் இப்போது துபாயில். “மோனே, நான் எழுதித் தருகிறேன், சம்பளம் ஏறின பேங்க் ஸ்டேட்மென்ட்டை நீ எடு” என்றார். அவர் கடிதம் இதுக்குச் செல்லுமா என்று இனித்தான் கேட்க வேண்டும், ஆனால் அந்த ஒரு போனுக்கே கண் கலங்கிவிட்டது.

ஒக்டோபர் 12, ஞாயிறு

அம்மாவிடம் இன்றுதான் நேராகச் சொன்னேன், கனடா இல்லை, அவுஸ்திரேலியா என்று. மாமா பக்கம் போவோம் என்று நினைத்திருந்தார் போல. கொஞ்ச நேரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “கிளினிக்குக்கு யார் கூட்டிக்கொண்டு போறது?” என்றார். மட்டக்களப்பில் இருக்கிற அக்கா வீட்டில் இருக்கலாம் என்றேன். “அவளின்ர வீட்டில எத்தனை மாசம் இருக்கிறது” என்றார். அதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. அங்கே பெற்றோரை நிரந்தரமாகக் கூப்பிட வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும், விசிட் விசாவில்தான் வந்து போகலாம். மறைக்காமல் சொன்னேன்.

அப்புறம் அவரே கேட்டார், “விசிட்டுக்கும் பாஸ்போர்ட் வேணும்தானே?”

நாளைக்கு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போகிறேன். படத்தை அவர்களே திணைக்களத்துக்கு அனுப்பிவிடுவார்கள், கையில் ஒரு சீட்டுத்தான் தருவார்கள். 64 வயதில் முதல் பாஸ்போர்ட். இரவு சாப்பிட்டு முடிய, நெற்றியில் விபூதியோடு எடுக்க விடுவார்களா என்று கேட்டார். தெரியாது அம்மா, கேட்டுப் பார்ப்போம் என்றேன். நீலச் சேலையை எடுத்துக் கதிரையில் மடித்து வைத்திருக்கிறார்.