ஹேட்ரியன் கட்டிய பூசணிகள்: திவோலி நாட்குறிப்பு

அக்டோபர் 9, வியாழன்

ரோமிலிருந்து திவோலிக்குப் போகும் சாலையோரம் திராவெர்தின் என்ற சுண்ணாம்புக்கல் வகையின் குவாரிகள். கொலோசியத்துக்குக் கல் போனதும் இந்தப் பக்கத்திலிருந்துதான். ரோமப் பேரரசர் ஹேட்ரியன் (ஆட்சிக்காலம் கி.பி. 117-138) அரியணை ஏறிய சூட்டோடு இங்கே கட்டத் தொடங்கிவிட்டார். மாளிகை என்கிறார்கள், முப்பதுக்கும் மேற்பட்ட கட்டடங்களோடு சுமார் 120 ஹெக்டேரில் பரந்து கிடப்பதை ஊர் என்றே சொல்லலாம்.

முதலில் கண்ணில் பட்டது பெச்சிலே எனும் நடைமேடையின் ஒன்பது மீட்டர் உயரச் சுவர். கிழக்கு மேற்காக ஓடுகிறது. ஒரு காலத்தில் இரு புறமும் தூண்கள் தாங்கிய கூரை இருந்தது. குளிர்காலத்தில் தெற்குப் பக்கம் வெயிலில் நடக்கலாம், கோடையில் வடக்குப் பக்கம் நிழலில். ஏழு முறை சுற்றினால் இரண்டு ரோமானிய மைல் என்று கணக்குச் சொல்லும் கல்வெட்டும் கிடைத்திருக்கிறது. உண்ட களைப்புத் தீர நடக்க இத்தனை ஏற்பாடு!

அந்த மேடையின் மேற்கு முனையில் நிலம் சரிகிறது. சரிவைத் தாங்க அடுக்கடுக்காக எழுப்பிய சிற்றறைகளில்தான் அடிமைகளும் பணியாளர்களும் தங்கினார்கள் என்று கருதுகிறார்கள். சில இடங்களில் நான்கு தளம். அவர்கள் வேலைக்குப் போய்வரத் தரைக்கடியில் சுரங்கப்பாதைகள் வேறு. உணவு மேசைக்கு வரும்வரை அதைச் சுமந்து வந்தவர் யார் கண்ணிலும் படக் கூடாது. இங்கே என்னை அதிகம் நிற்கவைத்தது இந்த மறைப்புதான்.

அக்டோபர் 10, வெள்ளி

இன்று முழுவதும் அதே மாளிகையின் கனோப்பஸ் பகுதி. 119 மீட்டர் நீளக் குளம். அதன் கோடியில் விருந்து மண்டபம். மேலே பாதிக் குவிமாடம், பூசணிக்காயின் பள்ளமும் மேடும் போலக் கீற்றுக் கீற்றாக. முன்பகுதி இடிந்துவிட்டதால் கான்கிரீட்டின் தடிமன் அப்படியே வெளியே தெரிகிறது. மரச் சாரத்தின்மேல் இப்படி ஒரு வளைவை வார்க்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

ரோமானிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ ஒரு கதை சொல்கிறார். பேரரசர் டிராஜனும் கட்டடக் கலைஞர் அப்பல்லோடோரஸும் பேசிக்கொண்டிருந்தபோது இளைய ஹேட்ரியன் குறுக்கிட்டாராம். போய் உன் பூசணிகளை வரைந்துகொண்டிரு என்று விரட்டினாராம் அப்பல்லோடோரஸ். பிற்பாடு பேரரசரான ஹேட்ரியன் அவரைக் கொன்றுவிட்டார் என்பது டியோவின் முடிவு. டியோ சில தலைமுறை கழித்து எழுதியவர். கொலையை நான் பாதிதான் நம்புகிறேன். பூசணியை நம்பாமல் இருக்க முடியாது, தலைக்கு மேலேயே இருக்கிறது.

குளக்கரைப் பெண்ணுருவத் தூண்கள் ஏதென்ஸின் எரெக்தியம் கோயிலைப் பார்த்துச் செதுக்கியவை. வெளியில் நிற்பவை நகல் வார்ப்புகள், அசல் அருங்காட்சியகத்தில்.

அக்டோபர் 12, ஞாயிறு

திவோலியில் சுவர், அதற்குரிய கலையைப் பார்க்க ரோமின் கேப்பிடலைன் அருங்காட்சியகத்துக்குத்தான் வர வேண்டும். சிறுகற்களைப் பதித்து ஆன புறாக்கள் மொசைக், ஹேட்ரியனின் மாளிகையில் 1737இல் ஃபுரியெத்தி என்ற மதகுரு தோண்டி எடுத்தது. வெண்கலக் கிண்ண விளிம்பில் நான்கு புறாக்கள். ஒன்று குனிந்து நீர் அருந்துகிறது. கற்கள் அவ்வளவு பொடி. இரண்டடி தள்ளி நின்றால் தூரிகை வேலையாகவே தெரிகிறது. பெர்கமோன் என்ற கிரேக்க நகரின் கலைஞர் சோசஸ் செய்த மூலத்தை ரோமானிய எழுத்தாளர் பிளினி வருணித்திருக்கிறார். நீரில் விழும் தலையின் நிழலையும் அவர் விடவில்லை.

கருஞ்சாம்பல் பளிங்கில் இரு சென்டார்கள், பாதி மனிதன் பாதி குதிரை: இளையவன் சிரிக்கிறான், கிழவன் கை பின்னால் கட்டப்பட்டு வலியில் முறுகுகிறான். அஃப்ரோடிசியாஸ் நகரைச் சேர்ந்த சிற்பிகள் அரிஸ்தியாஸ், பாப்பியாஸ் இருவரும் பெயர் பொறித்திருக்கிறார்கள். எனக்குக் கிழவனைத்தான் பிடித்தது. இளையவனின் சிரிப்பில் கொஞ்சம் செயற்கை.

அக்டோபர் 14, செவ்வாய்

மறுபடி திவோலி, ஆனால் மலைமேல் உள்ள வில்லா தெஸ்தே என்ற தோட்ட மாளிகை. நீரூற்றுகளைப் படமெடுக்கும் கூட்டத்தில் நின்று பார்க்கவே முடியவில்லை. 16ஆம் நூற்றாண்டில் கார்டினல் இப்போலித்தோ தெஸ்தேவுக்காக இதை வடிவமைத்த பிர்ரோ லிகோரியோ, ஹேட்ரியனின் இடத்தைத் தோண்டிச் சிலைகளையும் பளிங்கையும் இங்கே ஏற்றிவந்தவர். கீழே சுவர்கள் இன்று வெறும் செங்கல்லாக நிற்பதில் அவருக்கும் பங்குண்டு. அதே மனிதர்தான் அந்த இடிபாடுகளை முதன்முதலாக விரிவாக எழுதியும் வைத்தார். மனதாரத் திட்டவும் விடமாட்டேன் என்கிறார்.