சொந்த மடிக்கணினியில் நிர்வாகி உரிமையை இழந்து மீட்ட கதை

நேற்று இரவு பதினொன்றரை மணிக்குத்தான் என் மடிக்கணினி மறுபடியும் என் பேச்சைக் கேட்டது. ஒன்பது நாள் அலைச்சல். பட்ட பாடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இதே இடத்தில் மாட்டிக்கொண்டு, "ஃபார்மட் செய்வதைத் தவிர வேறு வழியில்லை" என்ற பேச்சை நம்பி எல்லாவற்றையும் இழக்க இருப்பவர் ஒருவருக்காவது இது உதவட்டும்.

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டிலேயே தொடக்கநிலை 6 மாணவர்களுக்குத் தமிழ்த் துணைப்பாடம் நடத்துகிறேன். ஆகஸ்டில் வாய்மொழித் தேர்வு. சரியாக அந்த நேரம் பார்த்துப் பழைய பிரின்டர் உயிரை விட்டது. புதிது வாங்கி வந்து அதன் மென்பொருளை நிறுவப் போனால் திரை மங்கி, நிர்வாகியின், அதாவது மென்பொருள் நிறுவவும் அமைப்புகளை மாற்றவும் உரிமையுள்ள கணக்கின், பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டது. ஆனால் எழுதுவதற்குக் கட்டமே இல்லை. 'யெஸ்' பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. 'நோ' மட்டும்தான் அழுந்தியது.

இந்தத் திரையை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல் மறந்துபோனவர்களுக்கு வரும் திரையில் கட்டம் இருக்கும். கட்டமே இல்லையென்றால், இயங்கும் நிலையில் ஒரு நிர்வாகி கணக்குகூட அந்தக் கணினியில் இல்லை என்று பொருள். இரண்டுக்கும் மருந்து வேறு. இது முதல் நாளே தெரிந்திருந்தால் எனக்குப் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

காரணம் என் அண்ணன் மகன். தேசிய சேவைக்கு (கட்டாய ராணுவச் சேவைக்கு) போகும் முன் வந்து, "அத்தை, அன்றாட வேலைக்கு நிர்வாகி கணக்கு வேண்டாம், வைரஸ் வந்தால் மொத்தமாகக் கெடுத்துவிடும்" என்று சொல்லி என் கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றினான். அவன் சொன்னது சரியான அறிவுரைதான். அதற்காக விண்டோஸுக்குள்ளேயே முடங்கியிருக்கும் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' கணக்கை எழுப்பினான். வேலை முடிந்ததும் அதைத் திரும்ப முடக்கினான். அதுவும் சரிதான். நடுவில் வேறொரு நிர்வாகி கணக்கை உருவாக்க மட்டும் மறந்துவிட்டான். இப்போது அவன் இருப்பது ராணுவப் பயிற்சி நடக்கும் தெக்கோங் தீவில். மாலையில் சிறிது நேரம்தான் கைப்பேசி அவன் கையில் இருக்கும்.

அவனைத் தொந்தரவு செய்ய மனமில்லாமல் பழுதுபார்க்கும் கடைக்குப் போனேன். முதல் நாள், வாங்கிய ரசீது இல்லாமல் தொடமாட்டோம் என்றார்கள். நியாயம்தான், திருட்டுக் கணினியாக இருந்தால்? திரும்பி வந்து அலமாரியைக் குடைந்து ரசீதை எடுத்துக்கொண்டு மறுநாள் போனேன். அன்றைக்குக் கல்லாவில் இருந்தவர் வேறொருவர். ரசீதையும் பார்க்கவில்லை, கணினியைத் திறக்கவும் இல்லை. "ஃபார்மட். 120 வெள்ளி" என்றார். "என்னால் உள்ளே நுழைய முடிகிறது, கோப்புகளெல்லாம் திறக்கின்றன, நிர்வாகி உரிமை மட்டும்தான் இல்லை" என்று இரண்டு முறை சொன்னேன். காதில் வாங்காமல் ஒரு தாளை என் பக்கம் தள்ளிக் கையெழுத்துப் போடச் சொன்னார். கோப்புகள் அழிந்தால் கடை பொறுப்பல்ல என்று அதில் இருந்தது. பதினோரு ஆண்டுகளாக நானே தட்டச்சு செய்து சேர்த்த பயிற்சித்தாள்கள்! கணினியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது கண் கலங்கியது உண்மை.

அன்றிரவே எல்லாவற்றையும் வெளி வன்தட்டில் நகலெடுத்தேன். சொந்தக் கோப்புகளை நகலெடுக்கச் சாதாரணக் கணக்கே போதும். நீங்களும் வேறு எதையும் தொடும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

கடைசியில் அண்ணன் மகனிடமே கேட்டேன். நான் சொன்னதைக் கேட்டுச் சில நொடிகள் பேச்சே இல்லை. பிறகு, "அத்தை, சேஃப் மோடில் போய்ப் பாருங்கள்" என்றான். சேஃப் மோட் என்பது விண்டோஸ் மிகத் தேவையானவற்றை மட்டும் கொண்டு தொடங்கும் நிலை. இயங்கும் நிர்வாகி கணக்கு ஒன்றுமே இல்லாத வீட்டுக் கணினியில், முடக்கி வைத்த அந்த அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கை சேஃப் மோட் மட்டும் உள்ளே விடும். வேறு நிர்வாகி கணக்கு ஒன்று இயங்கிக்கொண்டிருந்து, அதன் கடவுச்சொல்தான் மறந்துபோனது என்றால் இந்தக் கதவு திறக்காது. அது மைக்ரோசாஃப்ட் கணக்காக இருந்தால் இணையத்தில் கடவுச்சொல்லை மாற்றலாம். கணினியிலேயே உருவாக்கிய கணக்காக இருந்தால், அப்போது பதிந்து வைத்த மூன்று பாதுகாப்புக் கேள்விகள் கைகொடுக்கும்.

ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட். பிறகு டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், மறுபடி ரீஸ்டார்ட். இதுவரை சிக்கலில்லை. அடுத்து வந்த நீலத் திரைதான் வயிற்றைக் கலக்கியது. வன்தட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவி வேண்டுமாம். 48 இலக்கங்கள். வன்தட்டு பூட்டப்பட்டிருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

கணினியை வாங்கிய நாளில் என் மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டுதான் தொடங்கியிருந்தேன். அதனால் சாவி அந்தக் கணக்கிலேயே பத்திரமாக இருந்தது. மகள் கைப்பேசியில் உள்ளே போய்ப் பார்த்தாள். இரண்டு சாவிகள்! மேலே இருந்ததை அவள் ஆறு ஆறு இலக்கமாக வாசிக்க, நான் எட்டுத் தொகுதிகளையும் அடித்தேன். தவறு என்றது. கை நழுவியிருக்கும் என்று மறுபடி முழுவதையும் அடித்தேன். மறுபடியும் தவறு. பிறகுதான் நீலத் திரையில் 'கீ ஐடி' என்று ஓர் அடையாளம் இருப்பதை மகள் காட்டினாள். அதன் முதல் எட்டு எழுத்துகள் கைப்பேசியில் இருந்த இரண்டாவது சாவியின் அடையாளத்தோடு அச்சாகப் பொருந்தின. நாங்கள் அடித்துக்கொண்டிருந்தது தூக்கிப்போட்ட பழைய மடிக்கணினியின் சாவி.

சாவி யாருடைய கணக்கில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு இந்த வேலையில் இறங்குங்கள். சாவி எங்குமே இல்லையென்றால் அந்தத் திரையைத் தாண்ட முடியாது.

சரியான சாவியை அடித்ததும் பட்டியல் வந்தது. சேஃப் மோடுக்கான 4-ஐ அழுத்தினேன். கறுத்த திரையின் நான்கு மூலைகளிலும் 'சேஃப் மோட்'. நுழைவுத் திரையில் அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற பெயர். அதற்கு அண்ணன் மகன் கடவுச்சொல் வைக்கவில்லை. என்டர் தட்டியதும் திறந்தது. கண்ட்ரோல் பேனலில் என் கணக்கை நிர்வாகியாக மாற்ற இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

வழக்கம்போல் கணினியைத் தொடங்கி மென்பொருளை நிறுவினேன். 'யெஸ்' பளிச்சென்று இருந்தது. பிரின்டர் முதல் தாளைத் தள்ளியபோது மகளும் நானும் சேர்ந்தே கத்திவிட்டோம். தூங்கும் முன் நிர்வாகி கணக்கு ஒன்றைத் தனியாக உருவாக்கி, அதன் மூலம் என் கணக்கைச் சாதாரணக் கணக்காக்கினேன். அதன் கடவுச்சொல்லும் 48 இலக்கங்களும் இப்போது ஒரே தாளில் அச்சாகிக் கடவுச்சீட்டுகளோடு இருக்கின்றன.

சனிக்கிழமை அண்ணன் மகன் முகாமிலிருந்து வீட்டுக்கு வருகிறான். அண்ணன் வீட்டுக் கணினியிலும் இதே மாற்றத்தைச் செய்து வைத்திருக்கிறானாம். அதன் மீட்புச் சாவி யார் கணக்கில் இருக்கிறது என்று அதற்குள் தேடி வைக்கும்படி அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன்.